நிலப்படத்தில் தெரிவதும் மறைவதும்

கெமாசில் புறப்பட்டுத் தெற்கே செல்லும் ரயில் பாதை சிகாமட், லாபிஸ், பெக்கோக் ஆகிய ஊர்களைத் தாண்டிப் பாலோவுக்கு வருகிறது. பிறகு சாமெக், நியோர் வழியாகக் குளுவாங்கை அடைகிறது. ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிறு பட்டணம் பாலோ. ஒரு ரயில் நிலையம், சில கடை வரிசைகள், சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் அவை ரப்பர்த் தோட்டங்கள். இன்று பெரும்பாலும் செம்பனை. அத்தோட்டங்களில் ஒன்றின் லயத்தில்தான் நான் பிறந்தேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் என் பேரன் கணினியில் பூகோள உருண்டை ஒன்றைத் திறந்து காட்டினான். கூகுள் எர்த் என்று அதற்குப் பெயர். முதலில் கறுத்த வானத்தில் உலகம் ஒரு பந்தைப் போல நின்றது. கண்டங்களின் பெயர்களும் கடல்களின் பெயர்களும் மட்டுமே தெரிந்தன. அவன் விரலை நகர்த்த நகர்த்த நாங்கள் கீழே இறங்கினோம். மலேசியா என்ற எழுத்து வந்தது. பிறகு ஜொகூர், பிறகு குளுவாங். இன்னும் இறங்கியபோது பாலோ என்ற பெயர் எழுந்தது. அதற்கும் கீழே சாலைகளும் கடைகளும் ஒவ்வொன்றாய்ப் பெயரோடு முளைத்தன. நான் வழி சொல்ல, அவன் தோட்டச் சடக்கு வழியே படத்தை நகர்த்திக்கொண்டு போனான். நான் காட்டிய இடத்தில் செம்பனை மரங்களின் தலைகள் மட்டுமே நட்சத்திரம் நட்சத்திரமாய்த் தெரிந்தன.

"தாத்தா, நீங்க பிறந்த இடம் இதிலே இல்லையே" என்றான்.

"இல்லையா, தெரியவில்லையா?" என்று கேட்டேன். அவனுக்கு அந்த வேறுபாடு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்று தெளிவாக விளங்கவில்லை. நிலப்படம் எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்றைய உரையில் அவ்வரலாற்றைப் பார்ப்போம்.

தமிழ் மண்ணிலிருந்தே தொடங்கலாம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி நூறு அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலியைத் தரையில் நீட்டி அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அங்குலம் பிசகாமல் அளப்பது அவர் வேலை. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கோணங்களால் கணக்கிட்டு, முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் அளந்தார்கள். வரலாற்றில் இதற்கு மாபெரும் முக்கோண அளவை என்று பெயர்.

கோணம் அளக்க உயரமான இடம் வேண்டும். மலை இருக்கும் இடத்தில் கவலை இல்லை. காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது, அரை டன் எடையுள்ள அந்தக் கோணமானியைக் கயிறு கட்டித் தூக்கியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. லாம்டன் மனம் தளராமல் பல நாள் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே சீர்ப்படுத்தினார் என்பது அளவை வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி.

இச்செய்தியை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. சோழ நாட்டில் கோயில் நிலப்படத்தில் இடம்பெற்றதற்குப் பக்தி காரணம் அல்ல. அளப்பவனுக்கு அது பயன்பட்டது, அதனால் இடம்பெற்றது. பயன்படாத சிறு கோயில்கள் ஆயிரக்கணக்கில் விடுபட்டன. நிலப்படம் வரைபவனின் தேவை எதுவோ அதுவே படத்தில் ஏறுகிறது. நம் பாலோவின் வரலாறும் இதே வழியில்தான் சென்றது.

ஜொகூரின் உட்பகுதி நெடுங்காலம் அடர்ந்த காடு. ஆற்றோரங்களில் சீனர்கள் மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். ஆட்சியும் வாணிபமும் ஆறுகளையே வழியாகக் கொண்டிருந்தன. 1904இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை அமைக்கப்பட்டு 1909இல் முடிவுற்றது. அதன் பிறகே அப்பாதையின் இரு மருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தார்கள். ரயில் நின்ற இடத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெயர்ப்பலகை ஏறிய ஊருக்கு நிலப்படத்திலும் இடம் கிடைத்தது. கிளந்தானிலும் சரவாக்கிலும் கூடப் பாலோ என்ற பெயரில் ஊர்கள் இருக்கின்றன. பலருக்கு நம் பாலோவை அடையாளம் சொல்ல இன்றும் ரயில் பாதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். கணக்கு என்றதும் நேயர்கள் வானொலியை மூடிவிட வேண்டாம். சிறிய கணக்குத்தான்.

பழைய மலாயாவில் வழங்கிய நிலப்படங்களில் முக்கியமானது, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் அமைந்தது. ஒரு மைலில் 63,360 அங்குலம் இருக்கிறது. நூறு அடி நீளமுள்ள ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 1,200 அங்குலம். அந்த நிலப்படத்தில் அது அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கூர்மையான பேனா ஒன்றைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தால் விழும் புள்ளி அவ்வளவுதான். பத்துக் குடும்பங்கள் பிறந்து வளர்ந்து செத்த இடம் ஒரு புள்ளி. நாலு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற சிறிய படத்துக்குப் போனால் அந்தப் புள்ளியையும் இட வழியில்லை.

அப்படியானால் சிறிய படத்துக்குப் போகும்போது எத்தனை பெயர்களை விட்டுவிடலாம்? இதற்கு ஒரு விதியே இருக்கிறது. ஜெர்மானியரான டோப்ஃபர் என்பவர் வகுத்த வர்க்கமூல விதி அது. 1966இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஒரு கட்டுரையால் உலகெங்கும் பரவியது. இரண்டு அளவுகோல்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் கண்டால், எவ்வளவு பங்கு தங்கும் என்பது தெரியும். ஓர் அங்குல மைல் படத்தில் 100 தோட்டப் பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு மைல் படத்தில் ஏறக்குறைய 50 பெயர்களே தங்கும். பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுள்ள படத்தில் 25 மட்டுமே எஞ்சும்.

எத்தனை தங்கும் என்று விதி சொல்கிறது. எவை தங்கும் என்று அது சொல்வதில்லை. அதை வரைபவர் முடிவு செய்கிறார். போலீஸ் நிலையம் உள்ள ஊர், தபால் நிலையம் உள்ள ஊர், ரயில் நிற்கும் ஊர் தங்கின. தோட்டம் தங்கினால் அதன் கம்பெனிப் பெயர் தங்கியது. டிவிசன், லயம், முனியாண்டி கோயில், ஆயாக் கொட்டகை, சுடுகாடு ஆகியவை முதலிலேயே உதிர்ந்தன.

அடுத்து, அடுக்கு என்ற சொல்லைப் பார்ப்போம். இன்று கணினிக்காரர்கள் நிலப்படத்தில் அடுக்குகள் உண்டு என்கிறார்கள். இது கணினி கண்டுபிடித்த எண்ணம் அன்று. பழைய அச்சகங்களில் வண்ண நிலப்படம் ஒரே தகட்டில் அச்சாகவில்லை. நீருக்கு ஒரு நீலத் தகடு, மேடு பள்ளக் கோடுகளுக்கு ஒரு பழுப்புத் தகடு, காட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரு பச்சைத் தகடு, சாலைக்குச் சிவப்பு, பெயருக்கும் கட்டடத்துக்கும் கறுப்பு என்று தனித்தனித் தகடுகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அதே காகிதத்தில் அச்சிட்டார்கள். கறுப்புத் தகட்டை நிறுத்திவிட்டால் பெயரில்லாத ஊமைப் படம் கிடைக்கும். தகட்டைப் போடுவதும் நிறுத்துவதும் அச்சகத்தின் கையில் இருந்தது. படம் வெளியே வந்துவிட்டால் படிப்பவனால் எதையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. 1960களில் கனடா நாட்டில் ரோஜர் டாம்லின்சன் என்பவரின் தலைமையில் நிலத் தகவல்களைக் கணினியில் ஏற்றியபோது, இந்தத் தகடுகளே எண்களால் ஆன அடுக்குகளாக மாறின.

பாலோ வட்டாரத்துக்கு இன்னொரு மறைவும் உண்டு. 1948 முதல் 1960 வரை நாட்டில் அவசரகாலம் நிலவியது. ஜொகூரின் உட்பகுதி அதில் மிகவும் அலைக்கழிந்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் காட்டோர மக்கள் கம்பி வேலிக்குள் புதுக் கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். தோட்ட லயங்களும் ஓரிடத்தில் நெருக்கமாகச் சேர்க்கப்பட்டன. ஊர்கள் இடம் மாறின. அந்த மாற்றங்களை வரைந்த விரிவான நிலப்படங்கள் படைக்கும் போலீசுக்கும் உரியவையாக இருந்தன. பின்னரும் நெடுங்காலம் அத்தகைய படங்கள் "தெர்ஹாட்" என்ற முத்திரையோடு அரசாங்க அலமாரிகளில் கிடந்தன. தன் லயம் படத்தில் புள்ளியாக இருக்கிறதா இல்லையா என்று ஒரு தோட்டத் தொழிலாளி பார்த்துக்கொள்ளும் வாய்ப்பே இருந்ததில்லை.

கணினியில் உருவான உருண்டைக்கு இப்போது வருவோம். 1976இல் ஜேம்ஸ் கிளார்க் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். தொலைவில் உள்ள பொருளை நுணுக்கமாக வரைவது வீண் வேலை. அதே பொருளுக்கு எளிய உருவம் ஒன்றும் நுணுக்கமான உருவம் ஒன்றும் வைத்துக்கொண்டு, பார்ப்பவர் நெருங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். தூரத்தில் வருகிறவரை முதலில் ஆள் என்று அறிகிறோம். பிறகு அண்ணன் என்கிறோம். கிட்டே வந்தபின்தான் முகத்தில் உள்ள வாட்டம் தெரிகிறது. கண் இயல்பாகச் செய்வதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார் அவர்.

1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் என்பவர் படங்களையே இவ்வாறு படிப்படியாகச் சுருக்கி ஒரு கூம்பு போல அடுக்கி வைக்கும் முறையைச் சொன்னார். அதற்கு அவர் இட்ட பெயர், 'சிறிய இடத்தில் மிகுதி' என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து பிறந்தது. 1998இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர்கள், கணினி நினைவகத்தில் அடங்காத மிகப் பெரிய படத்தையும் தேவையான துண்டை மட்டும் எடுத்துக் காட்டும் வழியை வெளியிட்டார்கள். அவர்களுள் சிலர் தொடங்கிய கீஹோல் என்ற நிறுவனம் 2001இல் தன் பூகோள உருண்டையை வெளிக்கொணர்ந்தது. 2004 அக்டோபரில் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது. 2005 ஜூன் மாதம் கூகுள் எர்த் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

இணைய நிலப்படங்களில் வழங்கும் கணக்கைச் சொன்னால் இதன் பிரமாண்டம் புரியும். பூமத்திய ரேகையின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். தொடக்கத்தில் உலகம் முழுவதும் 256 புள்ளி அகலமுள்ள ஒரே சதுரத்தில் அடங்கும். ஒரு புள்ளி நிலத்தில் ஏறக்குறைய 156 கிலோமீட்டர். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு சதுரம் நான்காகப் பிரியும். பத்தாவது படியில் ஒரு புள்ளி 153 மீட்டர். நம் நூறு அடி லயம் அதில் ஒரு புள்ளியின் ஐந்தில் ஒரு பங்கு, எனவே தெரியாது. பதினேழாவது படியில் ஒரு புள்ளி 1.2 மீட்டர். லயம் இருபத்தைந்து புள்ளி நீளத்துக்குத் தெரியும். பாலோ பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டு பாகை தொலைவில்தான் இருப்பதால் இக்கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும். பதினேழாவது படியில் உலகை மூட 1,700 கோடிக்கும் மேற்பட்ட சதுரங்கள் வேண்டும். அத்தனையும் நம் வீட்டுக் கணினிக்கு வருவதில்லை. நாம் பார்க்கும் சில சதுரங்கள் மட்டும் வந்து சேர்கின்றன.

இவ்வளவும் படத்தைப் பற்றியது. பெயர்களுக்கு வேறு ஏற்பாடு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தரம் இடுகிறார்கள். தரம் உயர்ந்த பெயர் தூரத்திலேயே தெரியும். தாழ்ந்தது நெருங்கினால்தான் தெரியும். இயற்கை உலகம் என்று பொருள்படும் 'நேச்சுரல் எர்த்' என்ற பொதுத் தொகுப்பு 2009இல் வெளியாயிற்று. அதன் விரிவான பட்டியலில் கூட உலக ஊர்கள் ஏழாயிரத்துச் சொச்சம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தர எண் உண்டு. சாதி, அந்தஸ்து எல்லாம் ஒழிந்துவிட்டன என்கிறோம். நிலப்படத்தில் ஊர்களுக்கு அது இன்னும் இருக்கிறது!

கணினித் திரையின் இடப்புறத்தில் ஒரு பட்டியல் இருக்கும். எல்லைகளும் பெயர்களும் ஓர் அடுக்கு; சாலைகள் ஓர் அடுக்கு; கட்டடங்கள் ஓர் அடுக்கு; மேடு பள்ளம் ஓர் அடுக்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு கட்டம். கட்டத்தில் குறியிட்டால் அடுக்கு தெரியும்; குறியை எடுத்தால் மறையும். அச்சகத்தின் கையிலிருந்த தகடு இப்போது நம் கைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் சந்தைக்கடை போலாகிவிடும், ஒன்றும் படிக்க முடியாது. எல்லாவற்றையும் மூடிவிட்டால் ஊமைப் படம். ரயில் பாதையின் வரலாற்றைப் பார்க்க விரும்புகிறவர் கடைப் பெயர்களை மூடிவிட்டுப் பார்ப்பது நல்லது.

யார் எவ்வளவு பார்க்கலாம் என்ற கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. 2005 அக்டோபரில், அப்போது இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் ஹைதராபாத்தில் போலீஸ் அதிகாரிகளிடையே பேசினார். இத்தகைய துணைக்கோளப் படங்கள் எளிதில் கிடைப்பது நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாகலாம் என்று கவலை தெரிவித்தார். ராமேசுவரத்தில் பிறந்து, துணைக்கோளங்களை விண்ணில் ஏற்றும் பணியில் தோய்ந்தவர் அவர். அவருடைய கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அரசாங்கத்தின் கவலை அதிகமாகத் தெரிகிறதே என்பது. என் போன்ற தோட்டத்துப் பிள்ளையின் கவலை ஒன்றுமே தெரியவில்லையே என்பது.

எங்கள் தோட்டம் கைமாறியபோது சுடுகாட்டின் வரம்பு எது என்ற பேச்சு எழுந்தது. பெரியவர்கள் சிலர் போய்க் கேட்டோம். மேசைமீது விரித்த நிலப்படத்தில் அந்த இடம் வெறும் பச்சையாக இருந்தது. "இங்கே ஒன்றும் இல்லையே" என்றார் அங்கிருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த படத்தில் இல்லைதான். என் தாத்தாவும் இரண்டு அத்தைகளும் அந்தப் பச்சையில்தான் கிடக்கிறார்கள் என்று எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பது?

ஆகவே பேரனிடம் நான் கேட்ட கேள்விக்கு வருவோம். மறைந்திருப்பது ஒன்று, இல்லாதிருப்பது வேறொன்று. மறைந்திருப்பதை அடுக்கைத் திறந்தோ, அருகே இறங்கியோ கண்டுவிடலாம். எவரும் ஒருபோதும் பதியாததை எத்தனை கட்டத்தில் குறியிட்டாலும் காண முடியாது. கணினி நம் கையில் தந்திருப்பது முதலாவதன் சாவி மட்டுமே.

பதியப்பட்டிருக்கும் பெயர்களும் நிலையானவை அல்ல. தோட்டத்தின் பெயர் உரிமையாளரோடு மாறுகிறது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகியவை இணைந்தன. 2024இல் அந்தத் தோட்ட நிறுவனம் மறுபடியும் கத்ரி என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டது. பெயர்ப்பலகை மாறும்போது நிலப்படத்து எழுத்தும் மாறும். ஆனால் நம் மக்கள் வாயில் தோட்டங்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. பெரிய தோட்டம், புதுத் தோட்டம், ஆற்றோரத் தோட்டம், ஏழாங்கட்டைத் தோட்டம் என்றே சொன்னார்கள். பினாங்கில் நீர்வீழ்ச்சி மலைக்குத் தமிழர் வைத்த தண்ணீர்மலை என்ற பெயர், அங்குள்ள முருகன் கோயிலால் நிலைத்துவிட்டது. தோட்டத்துப் பெயர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது சில பெயர்கள் போயின. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது, லயங்களைத் தரைமட்டமாக்கியபோது இன்னும் பல போயின. அவற்றைச் சொன்ன கிழவிகளும் போய்விட்டார்கள்.

இந்த நிலையில் கணினி உருண்டையின் ஒரு வசதி நமக்குப் பயன்படுகிறது. அதில் நாமே ஓர் அடுக்கைச் சேர்க்கலாம். கீஹோல் நிறுவனத்தார் உருவாக்கிய கேஎம்எல் என்ற எழுத்து முறை 2008 ஏப்ரலில் உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. சாதாரண எழுத்துக் கோப்புத்தான். ஓர் இடத்தின் பெயர், அதன் அட்சரேகை, தீர்க்கரேகை, அது தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதற்கு ஒன்று அல்லது பூச்சியம்; இவ்வளவே அதன் அடிப்படை. பெயரைத் தமிழிலேயே எழுதலாம்.

எந்த உயரத்தில் தெரிய வேண்டும் என்பதையும் நாமே விதிக்கலாம். இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அந்தக் கட்டம் திரையில் இத்தனை புள்ளி அளவுக்கு வளர்ந்தபின் காட்டு என்று எழுதிவைக்கலாம். தோட்டம் முழுவதையும் சூழ்ந்த பெரிய கட்டத்துக்கு 128 புள்ளி என்று வைத்தால், சற்று உயரத்திலிருந்தே தோட்டத்தின் பெயர் எழும். லயத்துக்குப் போட்ட சிறிய கட்டத்துக்கும் அதே 128 என்று வைத்தாலும், கட்டம் சிறிது என்பதால் மிகவும் இறங்கிய பிறகே அது தெரியும். கோயில், கிணறு, பெரட்டுக் களம் எல்லாம் அதற்குப் பின் ஒவ்வொன்றாய் வரும். பழைய நில அளவையாளர் காகிதத்தில் செய்த அதே தெரிவை இங்கே நாம் செய்கிறோம். எதை முதலில் காட்டுவது என்று நான் தீர்மானித்த இரவு, லாம்டனிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நேயர்கள் கேட்கலாம். லயம் இல்லாத இடத்தில் அதை எங்கே குறிப்பது? இதற்கும் அடுக்கே உதவுகிறது. சில நாட்டு நூலகங்கள் பழைய மலாயா நிலப்படங்களை எண்மப் படமாக்கி இணையத்தில் வைத்திருக்கின்றன. அத்தாளை உருண்டையின்மேல் ஒரு போர்வை போலப் பொருத்தலாம். ரயில் பாதையின் வளைவையும் ஆறு கூடும் இடத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் மற்றவை ஓரளவு தாமே அமைந்துவிடும். பிறகு ஒரு நகர்த்தியைத் தள்ளினால் போர்வை மெல்ல ஒளி ஊடுருவும். பழைய தோட்டச் சடக்கு செம்பனைத் தலைகளுக்கு நடுவே கோடாகத் தெரியும். 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து பழைய துணைக்கோளப் படங்களையும் ஆண்டு வாரியாகப் பின்னோக்கிப் பார்க்க முடிகிறது. நம் வட்டாரத்தில் மேகம் அதிகம்; பல ஆண்டுப் படங்களில் வெண்மை தவிர வேறொன்றும் இல்லை. 1980களின் படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டர் என்பதால் ஒரு லயம் ஒரே புள்ளியில் அடங்கிவிடும். மரம் மாறியது தெரியும்; வீடு தெரியாது.

மேடு பள்ள அடுக்கையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. உலகின் பெரும்பகுதிக்கு அதன் மூலம் 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்த அளவை. ரேடார் அலை மரத் தலைகளில் பட்டுத் திரும்பியதால், காடும் தோட்டமும் உள்ள இடங்களில் தரை உண்மையைவிட உயர்ந்து காட்டும். நான் ஒரு மேட்டைத் தேடி ஏமாந்தது இதனால்தான்.

கடைசியில் உதவியது ஒரு மனிதர். எங்கள் தோட்டத்தில் தண்டலாக இருந்தவரின் மகன், எழுபது வயதைத் தாண்டியவர், இன்று பாலோவிலேயே இருக்கிறார். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பேரனும் நானும் போனோம். செம்பனை வரிசைகளுக்கு நடுவே அவர் தடுமாறாமல் நடந்தார். ஓரிடத்தில் நின்று காலால் சருகைத் தள்ளினார். சிமெண்டுக் கிணற்றின் விளிம்பு தெரிந்தது. "இதிலிருந்து கிழக்கே பதினெட்டு அடி வைத்தால் உங்கள் வீட்டுத் திண்ணை" என்றார். பேரன் கைப்பேசியை எடுத்து அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொண்டான். கோயில் மரம் நின்ற இடம், சுடுகாட்டின் நான்கு மூலைகள், பெரட்டுக் களம் ஆகியவற்றையும் அவர் சொல்லச் சொல்லக் குறித்தான். மொத்தம் பதினான்கு இடங்கள்.

அன்றிரவு அவன் அவற்றையெல்லாம் ஒரே கோப்புறையில் போட்டு, ஏழாங்கட்டைத் தோட்டம் என்று தமிழில் பெயரிட்டான். சுடுகாட்டு மூலைகளுக்கு மட்டும் எவ்வளவு புள்ளி வைப்பது என்று என்னைக் கேட்டான். குறைந்த எண்ணாக வைக்கச் சொன்னேன். இப்போது குளுவாங் என்ற எழுத்து தெரியும் உயரத்திலிருந்தே அந்த நான்கு மூலைகளும் தெரிகின்றன.